கண்ணுக்குள்ளே விளக்கேற்றியவர்



ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில் என்று பௌதிகத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு டாக்டர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். மகனுக்கோ பௌதிகத்தின் மேல் கொள்ளை ஆசை. வீட்டில் வசதி பத்தவில்லை. படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் டாக்டராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பெர்லினில் மருத்துவம் இலவசமாகக் கிடைத்தது. கிடைத்ததைப் படித்தார்; ஆசைப்பட்டதையும் விடவில்லை. ராணுவத்தில் இருந்தபோதே, 1847-ல், ஆற்றல் அழிவின்மை பற்றி எழுதி வெளியிட்டார்.

1849-ல் கோனிக்ஸ்பெர்க்கில் பேராசிரியரானார். கண்மணி ஏன் கருப்பாகத் தெரிகிறது என்று யோசித்தார். உள்ளே போன வெளிச்சம் போன வழியே திரும்பி வருகிறது. அதைப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தால் நம்ம தலையே விளக்கை மறைத்துவிடும்! 1850-ல் மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்தார். பக்கத்து விளக்கின் ஒளி தகட்டில் பட்டுக் கண்ணுக்குள் போனது. திரும்பியதில் ஒரு பகுதி தகட்டைக் கடந்து அவர் கண்ணுக்கு வந்தது. ஒரு குழிலென்ஸ் பிம்பத்தைத் தெளிவாக்கியது. அட்டை, பசை, கண்ணாடி, அவ்வளவுதான் முதல் கருவி! கத்தி படாமல் உயிருள்ளவரின் விழித்திரை ரத்தக்குழாய்களைத் தெளிவாகப் பார்க்க வழி பிறந்தது. 1894 செப்டம்பர் 8-ல் அவர் மறைந்தார்.

அவர் திறந்த வழியில் 1961-ல் வேறு இருவர் வந்தார்கள். அமெரிக்காவின் இண்டியானாவில் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள். ஆமாம், நம்மைப் போல மாணவர்கள்தான்! கை நரம்பில் ஃப்ளோரசின் சாயத்தை ஏற்றி, விழித்திரையில் ரத்தம் ஓடுவதைப் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். நல்ல குழாயில் சாயம் உள்ளேயே ஓடும். சர்க்கரை நோயால் குழாய்ச் சுவர் பழுதாகியிருந்தால் வெளியே கசியும். கசிந்த நீர் பார்வையின் நடுமையத்தில் கோத்துக்கொண்டால் பார்வை மங்கும்.

என் அப்பா லாரி டிரைவர். சுகர் உண்டு. பார்வை நல்லா இருக்கிறதால் கண் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறார். சொட்டு மருந்து விட்டால் அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது, ஒரு நாள் வருமானம் போய்விடும். அவர் கணக்கும் நியாயம்தான். ஆனால் பழுது தொடங்கும்போது பார்வை நல்லாத்தான் இருக்கும். அவர் கண்ணை நம்பித்தான் எங்க வீட்டு அடுப்பும் என் படிப்பும். இந்த செமஸ்டர் லீவில் கையோடு கூட்டிப்போகப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் சுகர் உள்ளவர்கள் இருந்தால் வருஷம் ஒருமுறை கூட்டிப்போங்கள் நண்பர்களே. படிச்ச பிள்ளை சொன்னால் வீட்டில் கேட்பார்கள்!