ஒளிக்கு வழி வகுத்த திவான்

மாலை மயங்கியதும் பொம்மனஹள்ளியில் நம் இல்லங்கள்தோறும் விளக்குகள் ஒளிர்கின்றன. அவ்வொளி இந்நகருக்கு முதன்முதல் எவ்வாறு வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதற்கு வழி வகுத்தவர், நம்மைப் போலவே பணியின் பொருட்டு இந்நாட்டுக்கு வந்த ஒரு தமிழர் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அவரே சர் கே. சேஷாத்ரி ஐயர்.

1845ஆம் ஆண்டில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1868இல் மைசூர் அரசுப் பணியில் அமர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 1883இல் திவானானார். பதினெட்டு ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். ஹெசரகட்டாவிலிருந்து பெங்களூருக்குக் குடிநீர் வந்ததும், பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய பகுதிகள் எழுந்ததும் அவர் காலத்திலேயே.

எனினும், அவர் பெயரை நிலைநிறுத்தியது சிவசமுத்திரமே. அங்கே காவிரி அருவியாய் வீழ்கின்றது. கோலார்த் தங்கச் சுரங்கங்களோ ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த அச்சுரங்கங்களுக்கு அருவியின் ஆற்றலைக் கம்பி வழியே அனுப்ப இயலுமா என்பதே கேள்வி. பொறியாளர் டி லோட்பினியர் திட்டத்தை வகுத்தார். திவான் துணை நின்றார். கணக்குப் பிழைத்தால் அரசின் பெரும்பொருள் வீணாகும்.

அக்கணக்கை நம் மாணவரும் போட்டுப் பார்க்கலாம். மாறு மின்னோட்டத்தின் நுட்பங்களை விடுத்து எளிய முறையிற் காண்போம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை, பெருக்கினால் திறன். சுரங்கங்களுக்கு வேண்டியது 4,000 குதிரைத்திறன். அதாவது ஏறக்குறைய 30 இலட்சம் வாட். 3,000 வோல்ட்டில் அனுப்பினால் 1,000 ஆம்பியர் வேண்டும்; 30,000 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியரே போதும். கம்பியின் தடை 10 ஓம் என வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர் செல்லுகையில் வழியிற் குறையும் அழுத்தம் 1,000 வோல்ட். வீணாகும் திறன் 1 இலட்சம் வாட், முப்பதில் ஒரு பங்கு. 1,000 ஆம்பியரைச் செலுத்தவோ, கம்பிக்கு மட்டுமே 10,000 வோல்ட் வேண்டும், கையிலிருப்பதோ 3,000! ஆகவே அம்முறை நடவாது. சிவசமுத்திரத்தில் முப்பதாயிரம் வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தத்தைத் தேர்ந்தது இதனாலேயே.

1902 ஜூன் 30ஆம் நாள் கோலாருக்கு மின்சாரம் பாய்ந்தது. அக்காலத்து உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. 1905இல் பெங்களூர்த் தெருக்களிலும் மின்விளக்குகள் எரிந்தன. ஆனால், இவற்றுள் ஒன்றையும் சேஷாத்ரி ஐயர் காணவில்லை. உடல்நலம் குன்றி 1901இல் பதவி துறந்த அவர், அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் மறைந்தார். கோலாரில் ஒளி பிறக்க இன்னும் பத்துத் திங்கள்கூட இருக்கவில்லை.

கப்பன் பூங்காவில் அவர் சிலை நிற்கின்றது. சேஷாத்ரிபுரம் அவர் பெயரைத் தாங்குகின்றது. கோலார்ச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அருவியின் ஆற்றலைத் தொலைவுக்கு அனுப்பும் முறையோ நின்றுவிடவில்லை. வந்த நாட்டைத் தம் நாடாகக் கருதி, தாம் நுகராத பயனுக்காக உழைத்தார் அப்பெரியார். குடியேறி வாழும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேறு யாது? விளக்கை ஏற்றும்போது ஒருகணம் அவரை நினைப்போமாக.