எல்லையை அளந்த மனிதர்

ஜெர்மனியின் ஐசனாக் நகரில் உள்ள ஒரு நூற்பாலை. நண்பகலில் தந்தைக்கு உணவு எடுத்து வருகிறான் ஒரு சிறுவன். தந்தைக்கு அமர்ந்து உண்ண நேரமில்லை. இயந்திரத்தின் மீது சாய்ந்தபடியே அவசரமாக உண்டுவிட்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து வேலைக்குத் திரும்புகிறார். நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் நின்றுகொண்டே உழைத்து, நடுவயதிலேயே முதுமை எய்தியவர் அவர். அந்தக் காட்சியைச் சிறுவன் தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1840 ஜனவரி 23 அன்று பிறந்த அந்தச் சிறுவன்தான், பின்னாளில் நுண்ணோக்கி அறிவியலுக்கு அடித்தளமிட்ட எர்ன்ஸ்ட் அபே.

ஆலை முதலாளியின் உதவியால் அவரது பள்ளிக் கல்வி தடைபடவில்லை. யேனா, காட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் பயின்ற அபே, 1861-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1863-இல் யேனா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அதே ஊரில் 1846 முதல் நுண்ணோக்கிப் பட்டறை நடத்திவந்த கார்ல் சைஸ், 1866-இல் அவரது உதவியை நாடினார்.

அக்காலத்தில் நுண்ணோக்கி வில்லைகள் அனுபவத்தின் துணையால் மட்டுமே செய்யப்பட்டன. தேர்ந்த கைவினைஞர் வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பார். நல்ல பிம்பம் கிடைத்தால் அது வெற்றி. ஒன்றைப்போல் மற்றொன்று அமையும் என்பதற்கு உறுதியில்லை. கணக்கிட்டு வில்லை செய்ய முடியுமா என்பதே சைஸ் எழுப்பிய கேள்வி.

அபேயின் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. பிம்பக் குறைகளைத் தவிர்ப்பதற்காக வில்லையின் திறப்பைக் குறுக்கினார். கணக்கின்படி பிம்பம் தெளிவாக இருந்திருக்க வேண்டும். ஆனால், நுண்ணிய விவரங்கள் மறைந்துபோயின. கணக்கில் பிழையில்லை என்றால், ஒளியின் இயல்பில் ஏதோ கவனிக்கப்படாமல் இருக்கிறது என்று உணர்ந்தார். நுண்ணிய அமைப்புகளின் மீது படும் ஒளி வளைந்து பல திசைகளில் விரிகிறது. அவ்வாறு விரியும் ஒளியை வில்லை எவ்வளவு அதிகமாகத் திரட்டுகிறதோ, அந்த அளவுக்கு விவரம் புலப்படும்.

இதிலிருந்து 1873-இல் அவர் வெளியிட்ட முடிவு, அறிவியலுக்கு ஓர் எல்லைக்கோட்டை வரைந்தது. ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதிக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட இயலாது. அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறுகளாக்கினால் கிடைக்கும் அளவே அதன் எல்லை. வில்லையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அதைத் தாண்ட முடியாது.

எல்லையை அறிந்ததால், அதுவரை செல்வது எப்படி என்பதும் தெளிவாயிற்று. கண்ணாடிக்கு நிகரான ஒளிவிலகல் கொண்ட எண்ணெயை வில்லைக்கும் மாதிரிக்கும் இடையே நிரப்பும் முறை 1878-இல் உருவானது. கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட்டுடன் இணைந்து புதுவகைக் கண்ணாடிகளை உருவாக்கி, நிறப்பிழை மிகக் குறைந்த வில்லைகளை 1886-இல் அளித்தார். 1882-இல் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்த ராபர்ட் கோக், அபேயின் ஒளிக்குவிப்பானையும் எண்ணெய் வில்லையையும் தம் ஆய்வுகளில் பயன்படுத்தியவர். நோய்களுக்குக் காரணமான கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்ட அக்காலத்துக்குக் கண்ணாக இருந்தவை யேனாவின் நுண்ணோக்கிகள்.

நிறுவனத்தின் பங்குதாரரான அபே பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆனால், அந்தச் செல்வம் தம் ஒருவருடைய உழைப்பின் பயன் அல்ல என்று அவர் கருதினார். நுண்ணோக்கி அறிவியலுக்கு உரியது என்பதால், அதில் செய்த மேம்பாடுகளுக்குக் காப்புரிமை கோரவில்லை. சைஸ் 1888-இல் மறைந்த பின், அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவி, 1891-இல் தம் பங்குகளை அதற்கே எழுதிக் கொடுத்தார். உரிமையாளராக இருந்தவர், அறக்கட்டளையின் நிர்வாகிகளுள் ஒருவராக ஊதியம் பெறலானார்.

1896-இல் அவர் வகுத்த விதிகள் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு, ஓய்வூதியம், இலாபத்தில் பங்கு ஆகியவற்றை உறுதி செய்தன. உயர் அதிகாரியின் ஊதியத்துக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் வருவாயில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்குச் சென்றது.

1900-இல் வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தார். அதையும் அளந்தே பார்த்தார். எட்டு மணி நேர உற்பத்தி, ஒன்பது மணி நேர உற்பத்தியைவிடக் குறையவில்லை, சற்றே கூடியது. மனித உடலின் களைப்புக்கும் ஓர் எல்லை உண்டு, அதைக் கடந்து வேலை வாங்குவதால் பயனில்லை என்பது எண்களால் நிறுவப்பட்டது.

1905 ஜனவரி 14 அன்று அபே மறைந்தார். அவர் வகுத்த ஒளியின் எல்லையை ஒளிரும் மூலக்கூறுகளின் துணையால் கடக்கும் வழிகளைக் கண்டதற்காக எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவருக்கு 2014-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எல்லை எங்கே என்று அவர் துல்லியமாகச் சொல்லியிருந்ததால்தான், அதைக் கடக்கும் வழியையும் பின்வந்தோரால் தேட முடிந்தது.

அறிவியலில் எல்லைகள் கடக்கப்படுவது வளர்ச்சி. உழைப்பவரின் உடலுக்கான எல்லையைக் கடப்பது வளர்ச்சியாகாது. வேலை நேரத்தை நீட்டிப்பதே முன்னேற்றத்துக்கு வழி என்ற குரல்கள் எழும்போதெல்லாம், அளந்து பார்த்த பிறகே பேசிய இந்த மனிதரை நினைவுகூர்வது நல்லது.