தனியே ஜப்பானுக்கு: வோல்ட் டிஸ்னியின் வாழ்க்கையும் ஒரு பயணத் திட்டமும்

ஜப்பான் விசாவுக்குக் கொடுக்க வேண்டிய பத்திரங்களில் ஒன்று, அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் எங்கே போவோம், எங்கே உறங்குவோம் என்று எழுதும் அட்டவணை. முதல் நாள், நரிட்டா விமான நிலையம். இரண்டாம் நாளுக்கான கட்டத்தில் டோக்கியோ டிஸ்னிலாண்ட் என்று எழுதினேன். ஐம்பது வயது கடந்த பெண், பிள்ளைகள் இல்லை, துணைக்கு ஆள் இல்லை, திருகோணமலையில் இருந்து போய் ஒரு சிறுவர் கேளிக்கைப் பூங்காவில் என்ன செய்யப் போகிறாள் என்று விசா அதிகாரி கேட்கக்கூடும். என் அக்கா முந்திக்கொண்டு கேட்டுவிட்டார். இந்தக் காசுக்குக் காசிக்கே போய் வரலாமே என்றும் சொன்னார்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்தப் பூங்கா 1983 ஏப்ரல் 15ஆம் திகதி திறக்கப்பட்டது. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் தலைமுறைத் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு டோக்கியோ என்றால் சீனக்குடாப் பக்கத்துச் சீமெந்துதான். அப்படியிருக்க, எங்கோ ஒரு சஞ்சிகையில் நீலக் கூரை போட்ட வெள்ளைக் கோட்டையின் வர்ணப் படம் வந்திருந்தது. அதை வெட்டிச் சித்திரக் கொப்பியில் ஒட்டினேன். அந்த ஆண்டு ஆனியிலும் ஆடியிலும் எங்கள் ஊர் எரிந்தது. உடுத்த உடுப்போடு வெளியேறினோம். கொப்பி வீட்டோடு போயிற்று.

பயணத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கோட்டையை நினைத்துக் கட்டிய மனிதனைப் பற்றி வாசித்தேன். மிக்கி எலியின் தகப்பன் என்பதற்கு மேல் அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

வோல்ட் டிஸ்னி 1901 டிசம்பர் 5ஆம் திகதி சிக்காகோவில் பிறந்தார். தகப்பன் எலியாஸ் தச்சுவேலை செய்தவர். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியைக் கட்டிய கூலியாட்களில் ஒருவர். அந்தக் கண்காட்சியில்தான் முதலாவது பெரிய ராட்சத இராட்டினம் சுழன்றது. அதை ஒட்டி நடந்த சமய மாநாட்டில்தான் விவேகானந்தர் பேசினார். இராமகிருஷ்ண மிஷன் பள்ளியில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் பம்பாயில் கப்பலேறி, கொழும்பு, சிங்கப்பூர், ஹொங்கொங் வழியாக ஜப்பானில் இறங்கி, நாகசாக்கி முதல் யோக்கஹாமா வரை பார்த்துவிட்டுத்தான் அமெரிக்கா போனார் என்பது பலருக்கு நினைவிருக்காது. தனியே ஜப்பான் போவதற்கு எனக்கு நல்ல முன்னோடி இருக்கிறார் என்று அக்காவிடம் இதையும் சொல்லி வைத்தேன்.

வோல்ட்டுக்கு நாலு வயதில் குடும்பம் மிசூரி மாநிலத்தின் மார்சலீன் என்ற சிற்றூருக்குப் போனது. ஒரு சிறு பண்ணை, பன்றிகள், அப்பிள் மரங்கள், ஊருக்குள்ளால் போகும் புகையிரதம். அங்கே இருந்தது நாலைந்து ஆண்டுதான். தகப்பனுக்குக் காய்ச்சல் கண்டு பண்ணையை விற்க வேண்டி வந்தது. அந்த நாலைந்து ஆண்டையே அந்த மனிதர் சாகும்வரை திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவில் அவர் கட்டிய பூங்காவின் வாசல் தெரு மார்சலீனின் கடைத்தெருவை மனதில் வைத்துக் கட்டியது. விட்டுவந்த ஊரின் கிணற்றடியையும் வேலியையும் இன்னும் அளவு பிசகாமல் சொல்லும் எங்கள் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் காசு இருந்திருந்தால் என்ன கட்டியிருப்பார்களோ.

கன்சாஸ் சிற்றியில் தகப்பன் பத்திரிகை விநியோக உரிமை வாங்கினார். பையன் ஒன்பது பத்து வயதில் இருந்து விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பி, பனியிலும் மழையிலும் வீடு வீடாகப் பத்திரிகை போட்டான். ஆறு ஆண்டுகள். அந்த வேலைக்குத் தகப்பன் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகும் ஏதோ ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போட மறந்துவிட்டதாகக் கனவு கண்டு வியர்த்து எழும்புவாராம். அந்த நகரத்தில் எலெக்ட்ரிக் பார்க் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. ஆயிரக்கணக்கான மின்விளக்குகள், இரவில் வாணவேடிக்கை. உழைக்கும் பிள்ளைக்கு எட்டத்தில் இருந்த வெளிச்சம் அது.

முதலாம் உலக யுத்தம் முடிகிற நேரத்தில், பதினாறு வயதில், பிறந்த ஆண்டை மாற்றி எழுதிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்தார். பிரான்சில் போய் இறங்கும்போது சண்டை ஓய்ந்து சில வாரங்களாகியிருந்தன. அம்புலன்ஸ் ஓட்டினார், அதன் பக்கத்தில் கேலிச்சித்திரம் வரைந்தார்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை, ஆகவே விரைவாகச் சொல்கிறேன். கன்சாஸ் சிற்றியில் தொடங்கிய முதல் படக் கம்பனி 1923இல் முறிந்தது. நாற்பது டொலருடன் ரயிலேறி ஹொலிவூட் போனார். காசநோயில் இருந்து தேறிக்கொண்டிருந்த அண்ணன் ரோயுடன் சேர்ந்து அங்கே புதிய கம்பனி தொடங்கினார். உருவாக்கிய முயல் பாத்திரம் விநியோகஸ்தர் கையில் போனது, வரைந்த கலைஞர்கள் பெரும்பாலோரும் கூடவே போனார்கள். மிஞ்சிய நண்பர் அப் ஐவர்க்ஸ் வரைந்து கொடுத்ததுதான் மிக்கி எலி. 1928 நவம்பரில் அது சத்தத்துடன் திரைக்கு வந்தது. 1937 டிசம்பரில் முழுநீளப் படமாக வெண்பனியாளின் கதை வந்து, கடன்களை அடைத்தது.

அந்தப் பணத்தில் அண்ணனும் தம்பியும் பெற்றாருக்கு ஹொலிவூட்டின் வடபுறத்தில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டைச் சூடாக்கும் உலையில் கோளாறு இருந்தது. 1938 நவம்பரில் அதிலிருந்து கசிந்த நச்சு வாயுவில் தாய் ஃபுளோரா இறந்தார். மகன்கள் ஆசையாகக் கொடுத்த வீடு அது. அதைப் பற்றி வோல்ட் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பேசாமல் இருப்பது என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவரை நல்லவராக மட்டும் காட்டுவது சரியல்ல. அவருடைய படமனையில் பெண்களுக்குப் பெரும்பாலும் மைதீட்டி நிறம் பூசும் பிரிவில்தான் இடம். 1941இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதைத் தனக்குச் செய்த துரோகமாக எடுத்துக்கொண்டார். 1947இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக்குழுவின் முன் போய், அதற்குக் கம்யூனிஸ்டுகள்தான் காரணம் என்று சிலரின் பெயர்களைச் சொன்னார். விசாரணையில் சொல்லப்படும் பெயருக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை வாசித்த பிறகு இரண்டு வாரம் பயண அட்டவணையைத் தொடவில்லை.

என்னை நிறுத்தி வைத்த இன்னொரு பக்கமும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் கப்பலணி. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்ததும் அவர்கள்தான். எரிந்த எண்ணெய்த் தாங்கியின் மிச்சத்தை இப்போதும் காட்டுவார்கள். என் அம்மம்மா அப்போது சிறுமி. அவர்கள் தம்பலகாமத்துக்கு ஓடி, வருடப்பிறப்பை யாரோ ஒருவர் வீட்டு மாலில் கழித்தார்களாம். எங்கள் குடும்பத்தின் இடப்பெயர்வுக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பேர்ள் துறைமுகத் தாக்குதல் நடந்த கையோடு, விமான எதிர்ப்புப் படைப்பிரிவொன்று வோல்ட்டின் படமனைக்குள் வந்து எட்டு மாதம் முகாமிட்டது. பள்ளிக்கூடங்களில் முகாம் பார்த்த எங்களுக்குப் புதிதல்ல. படமனை அரசாங்கத்துக்குப் பயிற்சிப் படங்களும் பிரசாரப் படங்களும் எடுக்கத் தொடங்கியது. 1943இல் வோல்ட் தானாக விரும்பி, தன் காசில், நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்களால் ஜப்பானை அதன் மண்ணிலேயே தாக்க வேண்டும் என்று வாதாடும் ஒரு முழுநீளப் படம் எடுத்தார். அதன் முடிவில் கழுகொன்று ஒக்டோபஸ் ஒன்றைக் கொத்திக் கிழிக்கும். ஒக்டோபஸ்தான் ஜப்பான். 1945 மார்ச்சில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள். அந்தப் படத்தால்தான் இது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் குண்டு கீழே விழும்போது அங்கே ஆட்கள் இருப்பார்கள் என்பதை அந்தப் படம் காட்டவில்லை. மேலே இருந்து பார்த்து வரைந்த படம் அது. நாங்கள் கீழே பங்கரில் இருந்து பார்த்தவர்கள்.

சனிக்கிழமைகளில் இரண்டு மகள்களையும் லொஸ் ஏஞ்சலிஸின் கிரிபித் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகள் குதிரை இராட்டினத்தில் சுற்ற, அவர் வாங்கில் இருந்து கடலை கொறிப்பார். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு இடம் ஏன் இல்லை என்ற எண்ணம் அங்கே பிறந்ததாகச் சொல்வார். வங்கிகள் பணம் தரத் தயங்கின. ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின் மேல் கடன் எடுத்தார். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டு முதலீடு பெற்றார். அனஹெய்ம் என்ற ஊரில் 160 ஏக்கர் தோடைத் தோட்டம் வாங்கி, ஒரே ஆண்டில் கட்டி, 1955 ஜூலை 17ஆம் திகதி திறந்தார்.

திறப்பு நாள் படுதோல்வி. கள்ள நுழைவுச்சீட்டில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்துவிட்டார்கள். கடும் வெயில். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் தண்ணீர்க் குழாய்கள் போதவில்லை. புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதியுயர்ந்த சப்பாத்துகள் புதைந்தன. வோல்ட் அசரவில்லை, பூங்காவுக்குள்ளேயே ஒரு சின்ன அறையில் தங்கி ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

அவர் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பூங்காவைச் சுற்றி உயர்ந்த மண் அணை கட்டி மரம் நட்டார். உள்ளே போனவருக்கு வெளியே உள்ள வீதியோ மின்கம்பமோ தெரியாது. வாசல் ஒன்றுதான். எங்களுக்கு மண் அணை என்றால் வேறு. பின்னால் ஆள் இருக்கும், துவக்கு இருக்கும். வெளியுலகம் கண்ணில் படாமல் ஒரு நாள் இருப்பதற்காகவும் மண் அணை கட்டலாம் என்பது ஐம்பது வயதில் தெரிந்துகொண்ட விடயம்.

புளோரிடாவில் இன்னும் பெரிய காணியை, தன் பெயர் வெளியே வராமல், வேறு கம்பனிப் பெயர்களில் வாங்கினார். ஏறத்தாழ 27,000 ஏக்கர். விற்றவர்களுக்கு வாங்குபவர் யாரென்று தெரியாது. தெரிந்த பிறகு விலை ஏறியது. 1966 டிசம்பர் 15ஆம் திகதி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 65 வயது. விடாமல் சிகரெட் பிடித்தவர். இறப்பதற்கு முதல் நாள் இரவு, வைத்தியசாலைக் கூரையின் சதுரங்களைக் காட்டி, எந்தத் தெரு எங்கே வரும் என்று அண்ணனுக்குத் திட்டம் சொன்னாராம்.

ஜப்பானியப் பூங்காவை அவர் பார்க்கவில்லை. அவர் இறந்து பதினாறு ஆண்டுக்குப் பிறகு வந்தது அது. சொந்தக்காரரும் டிஸ்னி கம்பனி அல்ல, ஒரு ஜப்பானியக் கம்பனி. உரிமத்துக்குப் பணம் கட்டி நடத்துகிறது. பெயரில் டோக்கியோ இருந்தாலும் இடம் சீபா மாகாணத்தின் உராயாசு. இதை வாசித்தபோதுதான் அட்டவணையில் மூன்றாம் நாள் சேர்ந்தது.

உராயாசு மீனவர் ஊர். மட்டி பொறுக்கியும் கடற்பாசி வளர்த்தும் வாழ்ந்தவர்கள். 1958இல் ஆற்றோரக் கடதாசி ஆலை ஒன்றின் கழிவு நீர் கடலுக்கு வந்து மட்டிகள் செத்தன. மீனவர்கள் ஆலைக்குள் புகுந்தார்கள், பொலிசாருடன் மோதல், நூற்றுக்கு மேற்பட்டோர் காயம். நீர் மாசடைவதற்கு எதிரான சட்டங்கள் ஜப்பானில் அதன் பிறகுதான் வந்தன. ஆனால் கடல் திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மீன்பிடி உரிமையைக் கைவிட்டு, 1971இல் முழுவதுமாக விட்டார்கள். கடலை மண் போட்டு நிரப்பினார்கள். இன்றைய உராயாசு நகரத்தில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு அப்படி நிரப்பிய நிலம். கோட்டை நிற்பது அதன் மேல். 2011 நிலநடுக்கத்தில் அந்த நகரத்தின் நிலம் சேறாக இளகியது, பூங்கா ஒரு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது.

சம்பூர்ச் சனம் 2006இல் வெளியேறி, தங்கள் காணி கைத்தொழில் வலயமாக வரைபடத்தில் குறிக்கப்பட்டிருப்பதை முகாம்களில் இருந்து கேள்விப்பட்டு, 818 ஏக்கர் விடுவிக்கப்படும்வரை 2015 மட்டும் காத்திருந்தார்கள். உராயாசு மீனவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது, குண்டு விழவில்லை, ஒப்பிடுவது சரியில்லைதான். ஆனாலும் கடலை விட்டுக்கொடுத்தவர்களைக் காணாமல் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வர மனம் கேட்கவில்லை. அங்கே நகர அருங்காட்சியகத்தில் பழைய மீனவர் வீடுகளையும் வள்ளங்களையும் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அதற்கு.

திட்டம் இப்படி நிற்கிறது. தைப்பொங்கல் முடிந்த கையோடு போவது. பள்ளி விடுமுறைக் கூட்டம் இராது, குளிர் மட்டும் தாங்க வேண்டும். டோக்கியோ நிலையத்தில் இருந்து கெயோ பாதை ரயிலில் மைஹாமாவுக்குக் கால் மணி நேரம். அந்த மேடைக்கு நிலையத்துக்குள்ளேயே நெடுந்தூரம் நடக்க வேண்டுமாம். நுழைவுச்சீட்டு திகதி குறித்து முன்கூட்டியே எடுக்க வேண்டும், நாளைப் பொறுத்து 7,900 யென்னில் இருந்து 10,900 யென் வரை. உராயாசு நகரசபை தன் ஊர்ப் பிள்ளைகள் பராயமடையும் விழாவைத் தை மாதத்தில் அந்தப் பூங்காவுக்குள்ளேயே நடத்துகிறது. மட்டி பொறுக்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் கிமோனோ உடுத்துக் கோட்டை முன்னால் நிற்பார்கள். அது ஜனவரியின் இரண்டாவது திங்கட்கிழமையை ஒட்டி வருவதால், பொங்கலுக்குப் பிறகு போனால் தவறிவிடும்.

பொங்கலை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். வங்கிக் கடிதம் புதன்கிழமை வரும்.