கம்பத்துத் திராட்சையும் கர்னல் பென்னிகுயிக்கும்

குமுளி மலையிலிருந்து கிழக்கே இறங்குவோர் கண்களுக்கு விருந்தாவன கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள். கூடலூரிலும் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கருநீலக் குலைகள் தொங்கும் காட்சி சொல்லுந்தரமன்று. உண்பதற்கும், சாறு பிழிவதற்கும், மது வடிப்பதற்கும் ஏற்ற இப்பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இச்செழுமையின் வரலாற்றை நாடுவோமாயின், ஒரு பெருமகனாரின் வாழ்க்கையே நம்முன் வந்து நிற்கும்.

ஜான் பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். எட்டு வயது நிரம்புமுன்னரே, சிலியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தார். இங்கிலாந்தில் அடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியில் பயின்று, 1860-இல் பொறியாளராக இந்தியா திரும்பினார்.

அக்காலத்தே மழை பொய்த்தால் மதுரைச் சீமை பஞ்சத்தில் வாடும். மலைக்கு மேற்கே பெரியாறோ, பெருகியோடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது. அதனைக் கிழக்கே திருப்புதல், சேதுபதி அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை காலத்திலேயே அரும்பிய கனவாகும். அக்கனவை நனவாக்கும் பணி பென்னிகுயிக்கை அடைந்தது.

1887-இல் வேலை தொடங்கிற்று. யானைகள் உலவும் அடர்கானகம், விடாத மழை, நச்சுக் காய்ச்சல். கட்டியதை வெள்ளம் அடித்துச் செல்லும். அவர் மீண்டும் கட்டுவார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு 155 அடி உயர அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த சுரங்கமும் அமைந்தது. 1895-ஆம் ஆண்டு அக்டோபரில் பெரியாற்று நீர் கிழக்கே பாய்ந்து, வைகையோடு கலந்தது. வயல்கள் விளைந்தன, பள்ளத்தாக்கில் கிணறுகள் ஊறின, தோட்டங்கள் பெருகின.

1911-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் அவர் மறைந்தார். 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. அவர் பிறந்த நாளிலே இப்பள்ளத்தாக்கு மக்கள் பொங்கலிட்டு வணங்குகின்றனர்.

எனினும், அவ்வணைப் பணியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையான நானூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளரை நாம் மறத்தலாகாது. பிழைப்பு நாடி ஊர்விட்டு மலையேறிய ஏழை மக்கள் அவர்கள். அவர் பெயரால் மண்டபங்கள் எழவில்லை. ஆனைகட்டிச் சாரல் முதல் குமுளிக் கணவாய் வரை, ஊர்விட்டு வந்து எல்லையோரம் வாழும் நமக்கு அவர்களும் உறவினரே. நம் இல்லங்களில் பிள்ளைகள் கையில் கம்பத்துத் திராட்சையைத் தரும் போதெல்லாம், கர்னலோடு அவர்களையும் நினைந்து சொல்வோமாக.