லூயிஸ் பிரை ரிச்சர்ட்ஸன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிரம்பியுள்ளன. வண்டியொன்று மோதினால் அதன் உடல் எங்ஙனம் நசுங்கும் என்பதை, அதனைச் செய்யுமுன்னரே கணிப்பொறியிற் கணக்கிட்டு அறிதல் இத்தொழிலின் வழக்கம். அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் எவ்வளவு மழை பெய்யுமென்பதை முன்னறியவும் இத்தகைய கணக்கே துணை. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நம்மவர்க்கு அதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்விரு துறைக்கும் முன்னோடியாய் விளங்கியவர் ரிச்சர்ட்ஸன் என்னும் பேரறிஞர்.

இவர் 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில், போரை வெறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் ஏழு மக்களுள் இளையவராய்ப் பிறந்தார்; கேம்பிரிட்ஜில் கற்றார். கல்லாற் கட்டிய அணையின் உள்ளே எழும் விசைகளை, அணையைச் சிறு கட்டங்களாய்ப் பகுத்து எண்களாலேயே கணக்கிடும் முறையை 1910-ல் வெளியிட்டார். பின்னர் அம்முறையை வானிலைக்குப் பொருத்த முற்பட்டார்.

1916-ல் வானிலைத் துறைப் பணியைத் துறந்து, பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டச் சென்றார். காயமுற்றோரைச் சுமந்த வேலைக்கிடையே, 1910 மே 20-ஆம் நாளின் வானிலையை எடுத்து, ஆறுமணி நேர மாறுதலைக் கையாலேயே கணித்தார். 1917-ல் கைப்பிரதி காணாமற் போயிற்று. சில மாதங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியிற் கிடைத்தது.

கணக்கின் முடிவோ பெருந்தோல்வி. காற்றழுத்தம் 145 மில்லிபார் உயருமென்று விடை வந்தது. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. எனினும் ரிச்சர்ட்ஸன் அதனை மறையாது, 1922-ல் வந்த தம் நூலில் வழிமுறை முழுவதையும் அச்சிட்டார். தொடக்க எண்களில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இசைவில்லாமையே பிழையின் காரணமென்று பின்வந்தோர் கண்டனர். அவ்வெண்களைச் சீர்ப்படுத்தியபோது அவர் முறையே பொருத்தமான விடை தந்தது.

அந்நூலில் அவர் ஒரு கற்பனை அரங்கையும் வருணித்தார். உலகப்படம் தீட்டிய வட்டச் சுவரையொட்டி 64,000 கணக்கர் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவரும் தம் பகுதிக் கணக்கை மட்டும் செய்து, விடையை அண்டையாருக்கு அறிவிப்பர். நடுவில் நிற்கும் தலைவர் முந்துவோர்மேற் செவ்வொளியும் பிந்துவோர்மேல் நீலவொளியும் வீசி, யாவரையும் ஒருசீராய் நடத்துவார். 1967-ல் நார்வே நாட்டார் இயற்றிய சிமுலா மொழியும், அதன்வழி வந்த பொருள்நோக்கு நிரலாக்கமும் இவ்வமைப்பை நினைவூட்டுவன. அங்கும் ஒவ்வொரு பொருளும் தன் எண்களைத் தன்னுள்ளே காத்து, பிறவற்றோடு செய்தியாற் பேசும். காலத்தை நடத்தும் வேலை தனியே வைக்கப்படும். ஆதலால் ஒரு பகுதியைத் திருத்தினாலும் ஏனையவை குலையா.

போருக்குப்பின் வானிலைத் துறைக்குத் திரும்பிய ரிச்சர்ட்ஸன், அது விமானப்படை அமைச்சின்கீழ் வந்தமையால் 1920-ல் மீண்டும் விலகினார். பிற்காலத்தைப் போரின் காரணங்களைக் கணிதத்தால் ஆராய்வதிற் கழித்தார். 1950-ல் எனியாக் கணிப்பொறி வானிலையைக் கணித்த செய்தியை அறிந்து மகிழ்ந்தார். 1953 செப்டம்பர் 30-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் மறைந்தார்.

மாணவர்காள்! நம்மிற் பலர் நாளை இத்தொழிற்சாலைகளில் நிரல் எழுதுவோம். விடை பிழையாயின் அதனை ஒளித்துவையாது, வழியைப் பிறர் காணுமாறு வைத்துச் செல்வதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.