அச்சத்திற்கும் ஓர் அளவு உண்டு
(தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் வரலாறு)

பள்ளி ஆண்டு விழாவிற்காகப் பேயும் சிரிப்பும் கலந்த நாடகம் ஒன்றை ஆயத்தம் செய்தோம். மேடை அமைக்கும் பொறுப்பு எங்கள் வகுப்பிற்குக் கிடைத்தது. சாக்குத் துணியில் கரியைப் பூசிப் பாழடைந்த சுவர் ஆக்கினோம். காய்ந்த தென்னங்கீற்றால் கூரை வேய்ந்தோம். விளக்கிற்குப் பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றினோம். ஒத்திகையன்று திரை விலகியதும், முன்வரிசையில் இருந்த முதல் வகுப்புச் சிறுமி வீறிட்டு அழுதாள். எங்களுக்கோ ஒரே பெருமை! ஆனால் எங்கள் தமிழாசிரியை சிரிக்கவில்லை. அன்று மாலை எங்களை அமர வைத்து, நமக்கு அருகிலேயே மண்ணில் உறங்கும் ஒரு பெருங்கலைஞரின் வரலாற்றைச் சொன்னார்.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 7-9-1867 அன்று பிறந்தவர் சங்கரன். தந்தையாரிடமும் பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சில காலம் பணியாற்றினார். ஆனால் உள்ளம் நாடகத்தை நாடியது. 24 வயதில் வேலையை உதறிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அக்காலத்தில் பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத் தமிழ்க் கம்பெனிகளும் அரண்மனை, காடு, தெரு என்று வண்ணத் திரைகளைத் தொங்கவிடத் தொடங்கியிருந்தன. எனினும் சங்கரதாஸர் எமனாகவோ, சனீசுவரனாகவோ, இரணியனாகவோ வந்து நின்றால் திரையை யாரும் பார்க்கமாட்டார்கள். பருத்த உருவமும் இடிக்குரலும் அரிதாரமுமே அவருக்குப் போதுமான காட்சியமைப்பு!

அந்தத் திறமையே அவருக்கு வேதனையும் தந்தது. ஒருமுறை சாவித்திரி நாடகத்தில் எமனாகப் பாசக்கயிற்றை வீசி அவர் ஆர்ப்பரித்து வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அதிர்ச்சியுற்று, அவள் கரு சிதைந்துவிட்டதாம். மற்றொரு நாள் நளதமயந்தி நாடகம் முடிந்து, சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்த்துறைக்குப் போனார். இருளில் அந்தக் கரிய உருவத்தைக் கண்ட ஒரு பெண் அஞ்சி அங்கேயே உயிர்விட்டாள் என்று நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

வேறொருவராயின் இதைத் தம் நடிப்பின் வெற்றி என்று எண்ணியிருக்கக் கூடும். அவரோ நெஞ்சுருகிப் போனார். வேடம் புனைவதையே விட்டார். துறவியைப் போல் கோயில் கோயிலாகச் சுற்றினார். அதன் பிறகே மக்கள் அவரைச் சுவாமிகள் என்று அழைக்கலாயினர்.

நாடகத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனைப் போல் ஆதரித்து, மீண்டும் கலைப்பணியில் ஈடுபடுத்தினார். இம்முறை அவர் ஏற்றது ஆசிரியர் பொறுப்பு. பெரிய நடிகர்கள் மேடையில் மனம்போனபடி வாதம் செய்து கதையைக் கெடுப்பதைக் கண்டு வருந்தினார். சிறுவர்களைப் பயிற்றினால் ஒழுங்கு வளரும் என்று நம்பினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே. சிறுவன் சண்முகம் நடிப்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய அவருடைய நாடகங்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின.

1921-இல் வாதநோய் தாக்கிற்று. இடிபோல் முழங்கிய நாவு பேச்சிழந்தது. அந்நிலையிலும் பிள்ளைகளைப் பிரியாமல் குழுவுடனேயே பயணம் செய்தார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குக் குழு வந்திருந்தபோது, 13-11-1922 அன்று மறைந்தார். பிள்ளைச்சாவடியிலிருந்து நகருக்குப் போகும் வழியில் சற்றே விலகினால் கருவடிக்குப்பம். அங்கேதான் அவர் அடக்கமாகியிருக்கிறார். நாடகக் கலைஞர்கள் இன்றும் அங்கு வந்து வணங்கிச் செல்கிறார்கள். எத்தனையோ முறை பேருந்தில் அவ்வழியே சென்ற நாங்கள் இதை அறியாதிருந்தோமே!

மறுநாள் மேடையை மாற்றினோம். பச்சைத் தாளை எடுத்து மஞ்சள் தாள் சுற்றினோம். பேய் வீட்டு வாசலில் கொடி கட்டித் துவைத்த துணிகளைக் காயப்போட்டோம். பேயின் கையில் கிழிந்த குடையைக் கொடுத்து, துடைப்பத்தைக் கண்டால் அது நடுங்கும்படி செய்தோம். விழா நாளில் திரை விலகியது. அன்று அழுத அதே சிறுமி முதலில் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு கையை விட்டுவிட்டுத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அரங்கில் அமர்ந்திருப்பவர் யார் என்பதை நினைந்து மேடை அமைக்க வேண்டும் என்பதைச் சுவாமிகளின் வாழ்வு எங்களுக்குக் கற்பித்தது.