சர் பிட்டி தியாகராயரும் சட்டசபை ஸ்தானக் கணக்கும்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம் முதலிய பகுதிகளில் வாழ்வோர்க்குத் தியாகராயர் என்னும் பெயர் நாள்தோறும் நாவிற் புழங்கும் பெயராகும். எனினும் அப்பெயருக்குரியார் இன்னார் என்பதும், ஒரு காலத்தில் இந்த ராஜதானி முழுவதும் அவருடைய ஸ்தானக் கணக்கை எதிர்நோக்கியிருந்தது என்பதும் நம் மாணவருள் பலர் அறியாதவை. ஆதலின் அவர்தம் வரலாற்றை, சிறப்பாகத் தேர்தலைப் பற்றிய பகுதியை, ஈண்டு எழுதத் துணிந்தேன்.

தியாகராயர் 1852ஆம் ஆண்டில் தேவாங்கர் குலத்திலே தோன்றினார். நெசவே அக்குலத்தின் தொழில். அவர் நான்கு வயதுக் குழந்தையாயிருந்தபொழுது, 1856இல், இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி புறப்பட்டது. துறைமுகமும் துணிவாணிகமும் அப்பகுதியின் இரு கண்களாயிருந்தன. வண்ணாரப்பேட்டை என்னும் பெயரே துணி வெளுப்போரால் வந்ததன்றோ! தியாகராயர் மாகாணக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். பட்டம் பெற்றோர் உத்தியோகம் தேடி அலைந்த அந்நாளில் அவர் தறியையே நாடினார். பிட்டி நெசவுச்சாலை என்னும் பெயரால் ஏறக்குறைய நூறு தறிகளை ஓட்டினார். தென்னிந்திய வர்த்தக சங்கத்தை நிறுவியவருள்ளும் அவர் ஒருவர். சென்னை நகரசபையில் நாற்பதாண்டளவு அங்கத்தினராயிருந்து, 1920இல் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் தலைவரானார். ஆயிரம் விளக்கில் இருந்த நகரசபைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, நாளொன்றுக்கு ஒருவர்க்கு ஓரணாவுக்கு மேற்படாமல், பகலுணவு அளிக்க அவர் தலைமையில் ஏற்பாடாயிற்று. பின்னாளிற் பெரிதாய் வளர்ந்த ஒரு திட்டத்தின் சிறு வித்து அது. எப்பொழுதும் வெள்ளுடையே தரிப்பார். இளவரசரை வரவேற்கும் சபைக்கும் அவர் மேனாட்டு உடையின்றி வர, அரசாங்கம் அதற்கு இசைய நேர்ந்தது.

இனி அரசியலுக்கு வருவோம். நகரசபையில் அவரும் டாக்டர் டி. எம். நாயரும் ஒருவரோடொருவர் மாறுபட்டு நின்றவர்கள். அவ்விருவரையும் ஒன்றுசேர்த்த பெருமை டாக்டர் நடேச முதலியாரைச் சாரும். 1916 நவம்பர் 20ஆம் நாள் வேப்பேரியில் ஒரு வழக்கறிஞர் இல்லத்திற் கூடிய கூட்டத்தில் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் தோன்றிற்று. 1917இல் ஜஸ்டிஸ் என்னும் ஆங்கிலப் பத்திரிகை வெளிவர, அதுவே கட்சியின் பெயராகவும் வழங்கலாயிற்று.

அக்கட்சியின் முதற் கவலை ஸ்தானக் கணக்கே. ராஜதானியில் பிராமணரல்லாதார் தொகையில் மிகப் பெரியோர். ஆயினும் உத்தியோகத்திலும், கல்விச் சபைகளிலும், அதுகாறும் நடந்த தேர்தல்களிலும் அவர்க்குக் கிடைத்தது சொற்பம். எனவே பொதுத்தேர்தல் வந்தால் தொகைக்கேற்ற ஸ்தானம் கிட்டாது என்று தியாகராயரும் நாயரும் மதிப்பிட்டனர். 1918இல் வெளியான மாண்டேகு-செம்ஸ்போர்டு அறிக்கையோ பெரும்பான்மையோர்க்குத் தனிக் காப்பு வேண்டாவென்று மறுத்தது. ஒரே மக்கள், ஒரே தேர்தல். இரு தரப்பாரும் எதிரெதிரான இரு பலன்களைக் கண்டனர். வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழுவைக் கட்சியார் பகிஷ்கரித்தனர். நாயர் இலண்டனுக்குச் சென்று வாதாட முயன்று, 1919 ஜூலையில் அங்கேயே உயிர் நீத்தார். முடிவில் மெஸ்டன் பிரபு மத்தியஸ்தராயிருந்து 1920இல் தீர்ப்பளித்தார். பொதுத்தொகுதி ஸ்தானங்கள் 65. அவற்றுள் பிராமணரல்லாதார்க்கு ஒதுக்கியவை 28. இது போதாது என்று தியாகராயர் மனங்குறைந்தார்.

தேர்ந்தெடுக்கப்பெறும் ஸ்தானங்கள் மொத்தம் 98. பொது 65 போக, முஸ்லிம்கள் 13, இந்தியக் கிறிஸ்தவர் 5, நிலக்கிழார் 6, வர்த்தகம் தோட்டம் முதலியன 6, ஐரோப்பியர் 1, ஆங்கிலோ இந்தியர் 1, சர்வகலாசாலை 1 என்று பகுத்திருந்தனர். நியமனம் பெற்றோர் 29 பேரையும் கூட்டினால் 127. வாக்காளரோ, நாலு கோடி மக்களுள் ஏறக்குறைய 12½ இலட்சம் பேரே. வரியும் நிலமும் உடையோர்க்கன்றி உரிமையில்லை. கருத்துக்கணிப்பு என்பது அந்நாளில் இல்லை. கணக்கிடுவோர் தொகுதியில் எவ்வகுப்பார் எத்துணைப் பேர், மிராசுதார் யார் பக்கம், எதிர்க்கட்சி நிற்கிறதா என்னும் மூன்றையே கொண்டு முடிவு செய்தல் வேண்டும். மூன்றாவதே தலையாயது என்பது என் எண்ணம். கணிப்போர் பெரும்பாலும் மறப்பதும் அதுவே.

1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. காந்தியடிகளின் ஒத்துழையாமைக் கொள்கைப்படி காங்கிரஸ் விலகி நின்றது. வாக்களித்தோர் நூற்றுக்கு 25 பேரளவு. ஜஸ்டிஸ் கட்சிக்குக் கிடைத்த ஸ்தானம் 98இல் 63! 28 ஸ்தானத்துக்கு வேலி கேட்டுப் போராடியவர், வேலிக்கு அப்பாலும் அறுவடை செய்துவிட்டார். அவருடைய அச்சம் பொய்யென்று அன்றே சிலர் எள்ளினர். அஃது அத்துணை எளிதன்று. களத்தில் எதிரி இல்லாதபொழுது பெற்ற வெற்றியைக் கொண்டு, எதிரி உள்ளபொழுது என்னாகும் என்று கூறலாகாது. மேலும் அந்நாளில் கட்சிக் கட்டுப்பாடு இன்றுபோல் இறுகியதன்று. 63 என்னும் எண்ணுக்குள் உறுதியானவரும் இருந்தனர், காற்றறிந்து சாய்ந்தவரும் இருந்தனர்.

கவர்னர் வில்லிங்டன் பிரபு தியாகராயரை அழைத்து மந்திரிசபை அமைக்குமாறு வேண்டினார். அவர் அதனை ஏலாது, சுப்பராயலு ரெட்டியாரை முன்னிறுத்தினார். அவர்க்குப்பின் 1921இல் பனகல் அரசர் முதன்மந்திரியானார். கையில் வந்த பதவியை மறுத்தவர் எந்நாட்டிலும் சிலரே.

ஆயின் கட்சித் தலைவராகத் தியாகராயர் செய்தவை யாவும் புகழ்தற்குரியன அல்ல. 1921இல் பெரம்பூர் பக்கிங்காம்-கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்பொழுது ஆதிதிராவிடர்க்கும் மற்றைத் தொழிலாளர்க்கும் புளியந்தோப்பிற் பெருங்கலகம் மூண்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. தியாகராயர் முதலிய தலைவர்கள், அரசாங்கம் ஆதிதிராவிடர்க்கு மிக இடங்கொடுத்ததே காரணம் என்று குறை கூறினர். எளியோர்க்கு உரிமை கேட்டெழுந்த கட்சி தன்னிலும் எளியோரைப் பார்த்து இங்ஙனம் பேசியது கொடிது. எம். சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். முதல் மந்திரிசபையில் தமிழர் போதிய இடம் பெறவில்லை என்னும் மனத்தாங்கலும் உடன் சேர்ந்தது.

சட்டசபையின் ஆயுள் மூன்றாண்டு. ஆண்ட கட்சி மறுதேர்தலில் இளைப்பது பல நாடுகளிற் காணும் இயல்பு. அமெரிக்காவில் அதிபரின் தவணை நடுவே வரும் தேர்தல்களில் அவருடைய கட்சி பெரும்பாலும் ஸ்தானங்களை இழப்பதைச் சரித்திரம் பயில்வோர் அறிவர். இங்கும் அதுவே நிகழ்ந்தது. 1923 தேர்தலில் சுயராஜ்யக் கட்சியார் களத்தில் இறங்கினர். 1921இல் இச்சட்டசபையே வழங்கிய உரிமையால் பெண்களும் வாக்களித்தனர். ஜஸ்டிஸ் கட்சி 63இலிருந்து 44க்கு இறங்கிற்று. தனிக்கட்சிகளுள் பெரிதேனும், பாதிக்குக் குறைவு. கட்சியினின்று பிரிந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டியார் நவம்பர் 27இல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். மந்திரிசபைப் பக்கம் 65 வாக்குகள் விழ, தீர்மானம் தோற்றது. 44 பேரையுடைய கட்சிக்கு 65 வாக்குகள் எங்ஙனம் வந்தன? நியமன அங்கத்தினரின் துணை ஒரு பெருங்காரணம். மக்கள் எண்ணிய கணக்கு ஒன்று, மண்டபத்தில் எண்ணிய கணக்கு வேறு. புதிய மந்திரிசபையில் சிவஞானம் பிள்ளை என்னும் தமிழர் இடம் பெற்றார்.

தியாகராயர் 1925 ஏப்ரலிற் காலமானார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சி 21 ஸ்தானங்களே பெற்றது; சுயராஜ்யக் கட்சி 41 பெற்றது. எதிரி உள்ளபொழுது பிராமணரல்லாதார் கட்சி என்னாகும் என்று 1918இல் அவர் கொண்ட அச்சத்துக்கு விடை, அவர் கண்மூடிய பின்னரே முழுமையாய்க் கிடைத்தது.

அவர் மறைந்த காலத்தையொட்டி உருவான புதுநகர் தியாகராய நகர் எனப் பெயர் பெற்றது. வண்ணாரப்பேட்டையில் 1950இல் அவர் பெயரால் ஒரு கல்லூரி எழுந்தது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயில் பாதையில் அக்கல்லூரியின் பெயரால் ஒரு நிலையமும் உண்டு. திருவொற்றியூரிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் அதனைக் கடந்தே வருகின்றனர்.